வலை அணுகல்தன்மையும் வலையின் சில விசித்திரங்களும்: டெவலப்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெப் பக்கங்கள் செய்து பிழைப்பவன் நான். கூட வேலை செய்பவர்கள், அதிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பாதி அணுகல்தன்மை பற்றியவை. மீதி, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று தலையைச் சொறிய வைப்பவை. இரண்டும் வேறு வேறு விஷயம்போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை; காரணம் போகப்போகப் புரியும்.

அணுகல்தன்மை என்றால் பார்வையற்றவர்களுக்குச் செய்துதரும் வசதிதானே?

அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. பார்க்க முடியாதவர், மங்கலாகப் பார்ப்பவர், காது கேளாதவர், கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாதவர், நீளமான பத்தியில் எழுத்துகள் குழம்பிப்போகிறவர், திரையில் ஏதாவது ஓடினால் தலைசுற்றுபவர் என எல்லோரும் பக்கத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவரும் வெயிலில் போனைப் பார்ப்பவரும் இந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் நான் முதலில் சொல்வது வேறு. வெப் பக்கங்களின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில், எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிய பக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் எட்டக்கூடியதுதான். தலைப்பு, பத்தி, இணைப்பு, படிவம் எல்லாவற்றையும் பிரவுசர் சரியாகவே கொடுக்கிறது. அதைக் கெடுப்பது நாம். "அணுகல்தன்மையைச் சேர்க்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று மேனேஜர் கேட்கும்போதெல்லாம், இருந்ததை எடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நாள் மிச்சமாகியிருக்கும் என்றுதான் நான் யோசிக்கிறேன்.

'ஏ11ஒய்' என்று எழுதுகிறார்களே, அது என்ன?

அணுகல்தன்மைக்கான ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்துகள். அவ்வளவுதான். பன்னாட்டுமயமாக்கலுக்கு 'ஐ18என்', உள்ளூர்மயமாக்கலுக்கு 'எல்10என்', குபர்நெட்டிஸுக்கு 'கே8எஸ்' என்பதும் இதே வகை. டைப் செய்ய டெவலப்பருக்குச் சோம்பல். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்கிற துறைக்கே யாருக்கும் புரியாத ஒரு சுருக்கப்பெயர் என்பது எனக்கு இன்றும் சிரிப்பைத் தருகிறது.

ஸ்கிரீன் ரீடர் பக்கத்தை எப்படிப் படிக்கிறது? திரையில் இருப்பதைப் பார்த்தா?

இல்லை. ஸ்கிரீன் ரீடர் என்பது பக்கத்தில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். பெயரில்தான் திரை இருக்கிறது, வேலையில் திரைக்கு இடமே இல்லை. பிரவுசர் உங்கள் எச்டிஎம்எல்லிலிருந்து டாம் மரத்தை, அதாவது பக்கத்தின் பகுதிகளைக் கிளை கிளையாக அடுக்கிய உள்வடிவத்தை, கட்டுகிறது. அதோடு இன்னொரு மரத்தையும் கட்டுகிறது: அணுகல்தன்மை மரம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விஷயங்கள்தான் முக்கியம். அதன் பெயர் என்ன, அது என்ன வகை, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அதில் என்ன மதிப்பு இருக்கிறது. "விதிகளை ஏற்கிறேன், செக்பாக்ஸ், டிக் செய்யப்படவில்லை" என்று காதில் விழுவது இந்த மரத்திலிருந்து வருவது. இயங்குதளம் நடுவே நின்று பிரவுசரிடமிருந்து வாங்கி ஸ்கிரீன் ரீடரிடம் கொடுக்கிறது.

பலரும் நினைப்பதுபோல அவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் கண்ணால் மேய்வதுபோல அவர்கள் விசையால் மேய்கிறார்கள். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துபவர் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'கே' அடுத்த இணைப்பு, 'பி' அடுத்த பட்டன், 'டி' பக்கத்தின் அடுத்த பெரும் பகுதி. பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஒரே பட்டியலாகவும் எடுக்கலாம். பத்து இடத்தில் "மேலும் படிக்க" என்று வைத்திருந்தால் அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமும் நாம் நினைப்பதல்ல. பழகியவர்கள் கேட்கும் வேகத்தில் நம் காதுக்கு இரைச்சல்தான் விழும்.

இந்த மென்பொருள்களின் பிறப்பும் தெரிந்துகொள்ள வேண்டியது. மோட்டார்சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர், பிறகு புரோகிராமராகி உருவாக்கிய ஸ்கிரீன் ரீடர் ஜாஸ். முதலில் 1989இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு வந்தது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவரோடு சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். அதன் கோட் திறந்தே கிடக்கிறது, பெரும்பகுதி பைத்தான். போய்ப் படிக்கலாம்.

டிவ்வில் கிளிக் வைத்தாலும் பட்டன் வேலை செய்கிறதே, என்ன தப்பு?

டிவ் என்பது எச்டிஎம்எல்லில் எந்த அர்த்தமும் இல்லாத வெறும் பெட்டி. அதில் கிளிக் வைத்தால் மவுஸுக்கு வேலை செய்கிறது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்கு நீளமான விண்ணப்பப் படிவம் ஒன்று செய்து கொடுத்தோம். பார்வையற்ற ஒருவர் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்களைப் பொறுமையாக நிரப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அனுப்புகிற பட்டனையே வைக்கவில்லையே?" என்றார். என் திரையில் உள்ளங்கை அளவுக்குப் பச்சைப் பட்டன் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை எழுதியவன் நான். டிவ்.

பட்டன் டேக்கைப் போட்டால் பிரவுசர் எதையெல்லாம் சும்மா தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். டேப் விசையில் அது அகப்படும். எண்டரிலும் ஸ்பேஸிலும் இயங்கும். அதிலும் நுணுக்கம் உண்டு: எண்டர் அழுத்தியவுடன் இயங்கும், ஸ்பேஸ் கையை எடுக்கும்போதுதான் இயங்கும். 'பட்டன்' என்று அறிவிக்கப்படும். முடக்கி வைத்தால் முடங்கியது என்றும் சொல்லும். குரலால் கணினியை இயக்குபவர் "அனுப்பு" என்று சொன்னால் அமுங்கும். டிவ்வில் இதையெல்லாம் ஒவ்வொன்றாக நீங்கள் எழுத வேண்டும், ஒன்றை மறப்பீர்கள். நான் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

பட்டன் டேக்கிலும் ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். படிவத்துக்குள் வகை குறிப்பிடாமல் போட்ட பட்டன் படிவத்தை அனுப்பிவிடும். "தேதியைத் தேர்ந்தெடு" என்று ஒரு பட்டன் வைத்து, அதை அழுத்தியதும் பாதி நிரம்பிய படிவம் பறந்துபோன கதை எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும்.

அப்படியானால் ஏரியா எதற்கு? டிவ்வுக்கு 'பட்டன்' என்று ரோல் கொடுத்தால் போதாதா?

ஏரியா என்பது, ஒரு பொருள் என்ன வகை (ரோல்), என்ன நிலை என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல எச்டிஎம்எல்லில் சேர்க்கும் குறிப்புகள். அது வாயால் சொல்லும், கையால் செய்யாது. ரோல் கொடுத்தால் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று அறிவிக்கும், ஆனால் கீபோர்டில் இயங்காது. முன்பு பட்டன் இல்லாமல் இருந்தது. இப்போது பொய்யான பட்டன் இருக்கிறது. எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதலில் ஏரியாவின் முதல் விதியே, எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே அந்தப் பொருள் இருந்தால் அதையே பயன்படுத்து என்பது. வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. ஏரியா உள்ள பக்கங்களில் சராசரியாகப் பிழைகள் அதிகம் என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஏரியா போட்டதால் பிழை வந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. சிக்கலான பக்கங்களில்தான் ஏரியாவும் இருக்கும். ஆனாலும், அதைத் தெளித்தால் தீட்டுக் கழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. டேப்கள், மரப்பட்டியல், தானே மாறும் அறிவிப்பு போன்ற, எச்டிஎம்எல்லில் நேரடியாக இல்லாதவற்றுக்கு ஏரியா அவசியம். அதைத் தாண்டிக் கைவைக்காதீர்கள்.

பட்டியலில் புள்ளிகளை, தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ்ஸால் எடுத்தால் சஃபாரியில் அது பட்டியல் என்றே வாசிக்கப்படுவதில்லை. பிழையா?

பிழையில்லை, வேண்டுமென்றே செய்தது. டெவலப்பர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியலாகக் கட்டிவிட, ஆப்பிளின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் பயனர்களுக்கு "பட்டியல், 3 பொருள்கள்" என்று எங்கு பார்த்தாலும் ஒரே அறிவிப்பு. பார்வைக்கே பட்டியல்போலத் தெரியாதது காதுக்கு மட்டும் ஏன் பட்டியலாக இருக்க வேண்டும் என்று சஃபாரியின் உள் இயந்திரமான வெப்கிட்டின் குழு முடிவெடுத்தது. நேவிகேஷன் பகுதிக்குள் இருந்தால் விட்டுவைக்கும். மற்ற இடத்தில் வேண்டுமென்றால் 'பட்டியல்' என்று ரோல் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். பட்டியல் டேக்குக்கே பட்டியல் என்று ரோல் கொடுப்பது கேலிக்கூத்துதான். ஆனாலும் முழுக்க அவர்கள் பக்கம் தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

படங்களுக்கு ஆல்ட்டில் என்ன எழுதுவது?

ஆல்ட் என்பது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரை. படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறதோ அதை எழுதுங்கள். பூதக்கண்ணாடி ஐகான் தேடல் பட்டனில் இருந்தால் 'தேடு' என்று எழுதுங்கள், 'பூதக்கண்ணாடி' என்றல்ல. வெறும் அலங்காரமா? ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவதும் ஆல்ட்டே போடாமல் இருப்பதும் ஒன்றல்ல: காலியாக இருந்தால் ஸ்கிரீன் ரீடர் தாண்டிவிடும், இல்லவே இல்லையென்றால் கோப்பின் பெயரைப் படிக்கப் பார்க்கும். கேமரா வைத்த கோப்புப் பெயரை எண் எண்ணாகக் கேட்டுப் பார்த்தால் புரியும். "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும்.

நிற வேறுபாட்டுக்கு 4.5 என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வலை அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறிகளான டபிள்யூசிஏஜியில் சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1, இன்னும் கடுமையான நிலையில் 7க்கு 1 என்று இருக்கிறது. இயல்பான பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்று பழைய தரநிலைகள் சொல்லியிருந்தன. 20/40 பார்வை உள்ளவருக்கு (மற்றவர் 40 அடியிலிருந்து படிப்பதை 20 அடிக்கு வந்தால்தான் படிக்க முடிபவருக்கு) வேறுபாட்டை உணரும் திறன் ஒன்றரை மடங்கு குறைகிறது. மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் 4.5. ஏறக்குறைய 80 வயதில் வழக்கமாக இருக்கும் பார்வை இது. ஆக, நாம் எல்லோரும் என்றாவது போய்ச் சேரப்போகும் வயதுக்கான எண். 7 என்பது 20/80 பார்வைக்கானது.

கணக்கு எளிது. இரு நிறங்களின் ஒளிர்வையும் எடுத்து, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். அந்த 0.05, திரையில் படும் சுற்றுப்புற வெளிச்சத்துக்கான ஈடு. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0, எனவே 1.05ஐ 0.05ஆல் வகுத்தால் 21. அதற்கு மேல் வேறுபாடு கிடையாது. ஒளிர்வில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பு 0.2126, நீலம் வெறும் 0.0722. தூய நீல எழுத்து வெள்ளையில் நன்றாகத் தெரிவதும் தூய பச்சை எழுத்து கண்ணைக் கூசவைப்பதும் இதனால்தான்.

இனி வேடிக்கை. டிசைனர்களுக்கு மிகவும் பிடித்த சாம்பல் நிறம், நிறக் குறியீட்டில் 777777. வெள்ளைப் பின்னணியில் அதன் விகிதம் 4.48. தோல்வி! மேலே தூக்கி 4.5 என்று முழுமைப்படுத்தவும் விதியில் இடமில்லை. ஒரே ஒரு படி இருட்டாக்கி 767676 என்று வைத்தால் 4.54, தேர்ச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதைச் சொல்லிச் சண்டை போடாத அணுகல்தன்மைக் கூட்டம் உலகில் இருக்காது. நேர்மையாகச் சொன்னால் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்து தோற்கும், கறுப்பு எழுத்து ஜெயிக்கும். ஆனால் பலருக்குக் கண்ணில் வெள்ளைதான் தெளிவாகப் படுகிறது. இதைச் சரிசெய்யும் வேறு சூத்திரங்கள் விவாதத்தில் உள்ளன. அதுவரை 4.5தான்.

ஃபோகஸ் வளையம் அசிங்கமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

டேப் விசையில் நகரும்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கோடு அது. மவுஸ் கர்சரை எடுத்துவிடலாமா? அதே கேள்விதான். அழகாக மாற்றுங்கள், எடுக்காதீர்கள். கீபோர்டில் வருபவருக்கு மட்டும் காட்ட சிஎஸ்எஸ்ஸில் 'ஃபோகஸ் விசிபிள்' இருக்கிறது.

மின்னும் எழுத்துக்கு ஒரு டேக் இருந்ததாமே, உண்மையா?

இருந்தது, பிளிங்க். அதன் கதை இந்தப் பக்கத்தின் இரண்டு பாதிகளையும் ஒட்டவைக்கிறது. லூ மொன்டூலி என்ற இளைஞர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிங்ஸ் என்ற பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவர். லிங்ஸில் எழுத்து மட்டும்தான், படமே கிடையாது. அதனாலேயே அந்தக் காலத்துப் பார்வையற்ற பயனர்களுக்கு வசதியாக இருந்தது. பிறகு அவர் நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1994இல் ஒரு நாள் மாலை மதுக்கடையில் நண்பர்களோடு, எச்டிஎம்எல்லில் வரப்போகும் புதுச் சமாசாரங்கள் எதையும் லிங்ஸ் காட்ட முடியாதே என்று பேச்சு. லிங்ஸில் காட்ட முடிந்த ஒரே விளைவு எழுத்தை மின்ன வைப்பதுதான் என்று கேலியாகச் சொன்னார். காலையில் வந்தால் சக ஊழியர் ஒருவர் இரவோடு இரவாக அதை எழுதி முடித்திருந்தார்.

வந்தவர் யார் என்று தளம் நினைவில் வைக்கப் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கியைக் கண்டுபிடித்தவரும் இதே மொன்டூலிதான். ஒரே மனிதர் வாழ்நாளில் இத்தனை பேரின் எரிச்சலுக்குக் காரணமாகலாமா என்று கேட்கத் தோன்றும், ஆனால் குக்கி இல்லாமல் லாகின் இல்லை. பிளிங்க் 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் 23ஓடு போய்விட்டது. எழுத்தைத் திரையில் ஓடவிடும் அதன் பங்காளி மார்க்கீ இன்றும் ஓடுகிறது. பயன்படுத்தக் கூடாது என்று எச்டிஎம்எல் தரநிலை சொல்கிறது. அதே தரநிலை, அதை எப்படி ஓட்ட வேண்டும் என்றும் விவரமாக எழுதியிருக்கிறது. பழைய பக்கங்கள் உடையக் கூடாதல்லவா.

மின்னுவதும் அசைவதும் நிஜமாகவே ஆபத்தா?

ஆம். 1997 டிசம்பரில் ஜப்பானில் குழந்தைகள் பார்க்கும் ஓர் அனிமேஷன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் சில நொடிகள் வேகமாக மாறி மாறி வந்தன. அறுநூறுக்கும் அதிகமான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்ற டபிள்யூசிஏஜி விதி இந்த வகை வலிப்பைத் தடுக்கத்தான். மின்னாத அசைவும் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தரும். 2013இல் ஐஓஎஸ் 7 பெரிய பெரிய அசைவுகளோடு வந்தபோது இந்தப் புகார்கள் குவிந்தன. இன்று பயனர் 'அசைவைக் குறை' என்று கணினியில் வைத்திருந்தால் சிஎஸ்எஸ்ஸிலேயே அதை அறியலாம். நான்கு வரி வேலை. செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

பக்கத்தின் மொழியைக் குறிப்பிடுவது அவ்வளவு முக்கியமா?

தமிழில் எழுதுபவர்களுக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் மொழி ஆங்கிலம் என்று இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. அதை நம்பி ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுக்கும். தமிழ் எழுத்தைத் தெரியாத குரல் சில சமயம் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிடும். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியது அவர் காதில் மௌனமாகப் போய்ச் சேரும். எச்டிஎம்எல் டேக்கில் இரண்டே எழுத்து மாற்றம். நடுவே வேறு மொழிப் பத்தி வந்தால் அதற்கும் தனியாகக் குறிக்கலாம்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஜாவாஸ்கிரிப்டில் 5 என்று வருகிறதே?

கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. அவற்றைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. நான்கு பேர் நிற்கும் குடும்ப எமோஜி ஒன்றின் நீளம் 11 என்று வருவதைப் பார்த்தால் நமக்குக் குறையில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் படிவத்தில் '20 எழுத்துக்குள் பெயர்' என்று வைத்தால் தமிழில் பன்னிரண்டு பதின்மூன்று எழுத்திலேயே கதவு சாத்திவிடும். எழுத்துகளை மனிதர்கள் எண்ணுவதுபோல எண்ண 'இன்டில் செக்மென்டர்' இருக்கிறது.

தேடலிலும் இதே சிக்கல். 'கொ' என்பதை இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக மூன்றாகவும் சேமிக்கலாம். ஒரே வடிவத்துக்கு மாற்றும் 'நார்மலைஸ்' செய்தால் ஒன்றாகிவிடும். 'ஸ்ரீ' அதற்கும் மசியாது. பழைய முறையில் ஸகரத்தோடும், ஶகரம் யுனிகோடில் சேர்ந்த பிறகு அதனோடும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சமூக ஊடகத்தில் சிலர் சாய்ந்த, தடித்த ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கிறார்களே, அதெப்படி?

அவை எழுத்துரு அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக யுனிகோடில் வைத்த தனிக் குறியீடுகள். ஸ்கிரீன் ரீடர் அவற்றை "கணிதத் தடித்த பெரிய எழுத்து" என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்கலாம், அல்லது வாயே திறக்காமல் போகலாம். பெயரை அழகாக்கி ஊமையாக்காதீர்கள்.

ரெஃபரர் ஹெடரில் எழுத்துப்பிழை இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா?

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சர்வரிடம் சொல்லும் வரி அது. கவனித்தார்கள், ஆனால் பிந்திப் போய்விட்டது. இரண்டு 'ஆர்' வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. பிலிப் ஹாலம்-பேக்கரின் முன்மொழிவில் நுழைந்து, 1996இல் எச்டிடிபி 1.0 ஆவணத்தில் நிலைத்துவிட்டது. அன்றைய யுனிக்ஸ் எழுத்துப்பிழைச் சோதனைக்குச் சரியான சொல்லும் தெரியாது, தப்பான சொல்லும் தெரியாது. பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெடரில் சரியாக எழுதினார்கள். ஆக இப்போது ஒன்றைத் தப்பாகவும் மற்றதைச் சரியாகவும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் வேலை செய்யாது.

குரோம் ஏன் தன்னை 'மோசில்லா 5.0' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது?

நெட்ஸ்கேப்பின் உட்பெயர் மோசில்லா. அதில் ஃபிரேம்கள் (ஒரே திரையைப் பல பக்கங்களாகப் பிரிக்கும் வசதி) வந்ததும், பெயரில் மோசில்லா இருந்தால் மட்டும் நல்ல பக்கத்தைக் கொடு என்று சர்வர்களில் எழுதிவிட்டார்கள். பிறகு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் ஃபிரேம் தெரியும், ஆனால் பக்கம் கிடைக்கவில்லை. அதுவும் மோசில்லா என்று பொய் சொல்லத் தொடங்கியது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றும் முன்னால் வந்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தன. குரோமின் அடையாள வரியில் மோசில்லா, ஆப்பிள் வெப்கிட், கேஎச்டிஎம்எல், 'கெக்கோ மாதிரி', சஃபாரி எல்லாம் இருக்கும். பிரவுசர் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதே, வசதி இருக்கிறதா என்று பார் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. "ஸ்கிரீன் ரீடர் பயனரா என்று கண்டுபிடித்துத் தனிப் பக்கம் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் காட்டுகிறேன்.

சர்வர் அனுப்பும் பதில் எண்களில் 418 என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?

"நான் ஒரு தேநீர்க் கெண்டி." 1998 ஏப்ரல் 1 அன்று, காபி இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை என்று லாரி மாசின்டர் எழுதிய கேலி ஆவணத்தில் வந்தது. 2017இல் மென்பொருள் நூலகங்களிலிருந்து இதை நீக்கச் சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது. 2022இன் எச்டிடிபி ஆவணத்தில் 'பயன்பாட்டில் இல்லை' என்று அந்த எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வேறு யாருக்கும் இனி எளிதில் கொடுக்க முடியாது.

கேப்ட்சா வைத்தால் அணுகல்தன்மைக்குக் கேடா?

பெரும்பாலும். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர் அது. நெளிந்த எழுத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஒலி வடிவம் வைத்தார்கள். அது காது நன்றாகக் கேட்பவருக்கே புரியவில்லை. பார்வை, கேட்கும் திறன் இரண்டும் இல்லாதவருக்கு வழியே இல்லை. டபிள்யூ3சி 2005லேயே இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, லாகினுக்குப் புதிர் விடுவிக்கவோ எதையும் நினைவில் வைத்து எழுதவோ சொல்லாதே, வேறு வழியும் கொடு என்கிறது. பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்டுவதைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா? அதுவும் இதில் மாட்டும். பாதுகாப்புக்கும் அது எந்த நன்மையும் செய்யவில்லை.

லைட்ஹவுஸில் 100 வந்துவிட்டது. முடிந்ததா?

இல்லை. லைட்ஹவுஸ் என்பது பக்கத்தைத் தானாகச் சோதித்து மதிப்பெண் தரும் கருவி. ஆல்ட் இருக்கிறதா என்று அது பார்க்கும். அதில் எழுதியது உண்மையா என்று பார்க்காது. 2019இல் ஒரு வெப் டெவலப்பர் வேண்டுமென்றே யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைக் கட்டி லைட்ஹவுஸில் 100 வாங்கிக் காட்டினார். கருவி அவசியம், தொடக்கத்துக்கு.

ஒரு வரி ஸ்கிரிப்டில் எல்லாம் சரியாகும் என்று விற்கிறார்களே?

ஓவர்லே. வாங்காதீர்கள். நேரே இருக்கும் கோளாறை அப்படியே விட்டு மேலே போர்வை போர்த்துவது. பல ஸ்கிரீன் ரீடர் பயனர்கள் அதைத் தடுத்துவைக்கிறார்கள். எந்தத் தளத்தையும் நெறிகளுக்கு ஏற்ப மாற்றிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

சட்டம் வருமா?

வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் தளத்தில் படங்களுக்கு ஆல்ட் இல்லை என்று பார்வையற்ற ஒருவர் புகார் கொடுத்தார். சரிசெய்யப் பெருஞ்செலவாகும் என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். தோற்று, 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யும் வேலை தணிக்கை அறிக்கையில்தான் அழகாக இருக்கும்.

சரி, கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மவுஸைக் கழற்றி வையுங்கள். உங்கள் தளத்தின் முக்கியமான ஒரு வேலையை, பதிவு செய்வதோ பணம் கட்டுவதோ, டேப், எண்டர், ஸ்பேஸ் வைத்தே முடிக்கப் பாருங்கள். எங்கே இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரவுசரில் 400 சதவீதம் பெரிதாக்கி அதே வேலை. கடைசி இருபது நிமிடத்துக்கு என்விடிஏவை இறக்கி, மானிட்டரை அணைத்துவிட்டு, படிவத்தை நிரப்புங்கள். நான் முதன்முதலில் அதைச் செய்தது அந்தப் பச்சைப் பட்டன் அழைப்பு வந்த அன்று மாலை. நான்காவது கட்டத்தைத் தாண்டவில்லை; லேபிளே இல்லாததால் ஐந்தாவது என்ன கேட்கிறது என்று எழுதியவனுக்கே தெரியவில்லை.